குழு முகவரியை ஒளித்தால் போதாது, பூட்டுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்துக்கு கூகுள் குரூப்ஸில் ஒரு குழு முகவரி இருக்கிறது. தண்ணீர் நிறுத்தம், பொதுக்குழுக் கூட்டம் என்று எதை அனுப்பினாலும் யாராவது 'ரிப்ளை ஆல்' அழுத்திவிடுகிறார்கள். அத்தனை வீட்டுக்கும் அது போய்விடுகிறது. குழு முகவரியை பிசிசி-யில் (பெறுபவர் முகவரியை மற்றவர்களுக்குக் காட்டாத கட்டத்தில்) போட்டால் யாருக்கும் தெரியாமல் இருக்குமா?

பதில்: பாதிதான் பலிக்கும். 'டு' கட்டத்தில் உங்கள் முகவரி, பிசிசி-யில் குழு முகவரி என்று அனுப்புங்கள். ரிப்ளை ஆல் அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டும்தான் வரும். குழு அமைப்புகளில் பதில்கள் எல்லா உறுப்பினருக்கும் போகும்படி வைத்திருந்தால் மட்டும் அதை முதலில் மாற்றுங்கள். கைதவறி நடக்கும் களேபரம் இதிலேயே அடங்கிவிடும்.

ஆனாலும் முகவரி மறையாது. ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள்: 'மெயிலிங் லிஸ்ட்' என்ற வரியில் குழுவின் முகவரி பளிச்சென்று தெரியும். தன் வழியாகப் போகும் மெயில்களின் ஹெடரில் (மெயிலோடு சேர்ந்து போகும் விவரப் பகுதியில்) கூகுள் குரூப்ஸ், குழுவை அடையாளம் காட்டும் 'லிஸ்ட்-ஐடி', 'லிஸ்ட்-போஸ்ட்' என்ற வரிகளைச் சேர்த்துவிடுகிறது. மெயிலின் அடியில் வரும் குறிப்பை நிறுத்தினாலும் ஹெடர் போய்க்கொண்டுதான் இருக்கும்.

1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டுக்குள் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஏறத்தாழ 13,000 ஊழியர்கள் இருந்த 'பெட்லாம் டிஎல்3' என்ற பட்டியலுக்கு, தன்னை நீக்கச் சொல்லி ஒருவர் எழுதினார். 'என்னையும் நீக்குங்கள்' என்று பதில்கள் குவிந்து, நிறுவனத்தின் மெயில் சேவையே திணறிப்போனது. எவரும் எழுதலாம் என்று பட்டியல் திறந்து கிடந்ததே காரணம்.

ஆகவே குழு அமைப்புகளில் 'ஹூ கேன் போஸ்ட்' (யார் எழுதலாம்) என்பதை உரிமையாளர், மேலாளர் அளவில் நிறுத்துங்கள். பிறகு முகவரி ஊருக்கே தெரிந்தாலும் கவலையில்லை. உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும் உரிமையையும் அதேபோல் சுருக்குங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட்டு அனுப்புவது சாத்தியம் என்பதால், எல்லா மெயிலும் ஒப்புதலுக்குப் பிறகே போகும்படி வைப்பது இன்னும் நல்லது. உங்கள் அறிவிப்புக்கும் நீங்களே ஒப்புதல் தர வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கூகுளை விட்டு மெயில்மேன் என்ற குழு மெயில் மென்பொருளுக்கு மாறினால், பிசிசி-யில் வரும் மெயிலை அது வழக்கமாகவே நிறுத்திவைக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

குழுவே வேண்டாம், எல்லோர் முகவரியையும் பிசிசி-யில் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு மெயிலுக்கு 500 பேர் வரைதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2015-இல் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவமனை, எச்ஐவி சேவை பெற்றவர்களுக்கான செய்திமடலை பிசிசி-க்குப் பதில் 'டு'வில் போட்டு 781 பேருக்கு அனுப்பிவிட்டது. அத்தனை பேரின் முகவரியும் ஒருவருக்கொருவர் தெரிந்துபோனது. 1,80,000 பவுண்டு அபராதம். கட்டம் மாறிப்போனால் திரும்பப் பெற வழியில்லாத இந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எல்லாம் மாற்றிய பின், சாதாரண உறுப்பினர் ஒருவரைக் குழு முகவரிக்கு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அது மற்ற வீடுகளுக்குப் போகாமல் நின்றால் வேலை முடிந்தது.