கருப்பை வாய்ப் புற்றுநோய் நெறிக்கட்டியில் திரும்பி வந்தால் மறுபடி கதிர்வீச்சு கொடுக்க முடியுமா?

உங்கள் சின்னம்மாவுக்கு நோய் இப்படித் திரும்பியிருப்பதாகச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பலருக்கு முடியும். அவருக்கு முடியுமா என்பது, அந்த நெறிக்கட்டி எங்கே இருக்கிறது, முதல் தடவை கதிர் எதுவரை போனது என்பதைப் பொறுத்தது. நான் மருத்துவர் இல்லை. அம்மாவோடு இரண்டு தடவை இந்தச் சிகிச்சைக்குப் போய் வந்தவள்.

முதல் தடவை வெளியிலிருந்து 25 நாள் கதிர், பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுத்தார்கள். இரண்டரை வருடம் கழித்து முதுகுவலி. படுத்தாலும் அடங்கவில்லை. பெட் ஸ்கேனில் (நோயுள்ள இடம் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்) வயிற்றுப் பெருந்தமனியை ஒட்டி மூன்று நெறிக்கட்டிகள் ஒளிர்ந்தன. எல்லாம் முடிந்தது என்று அக்கா அழுதாள். கதிர்வீச்சு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய ப்ளான் இருக்கா?"

எங்களிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதிலும் 'கதிர்வீச்சு தரப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. முதலில் பார்த்த மருத்துவமனைக்கு இரண்டு வாரம் அலைந்துதான், கதிர் எங்கே எவ்வளவு போனது என்ற பழைய ப்ளான் பதிந்த குறுவட்டு கிடைத்தது. அதைப் புது சிடி ஸ்கேன்மேல் பொருத்திப் பார்த்தபோது, பழைய கதிரின் மேல் எல்லை இடுப்பு முதுகெலும்பின் நாலாவது எலும்பருகே முடிந்திருந்தது. புதுக் கட்டிகள் அதற்கு மேலே. அந்த இடைவெளி இருந்ததால்தான் அம்மாவுக்கு முழு அளவு கொடுக்க முடிந்தது.

ஒருமுறை முழு அளவு வாங்கிய குடலும் சிறுநீர்க்குழாயும் அதை மறப்பதில்லை. அதே இடத்தில் மறுபடி கொடுத்தால் குடலில் ஓட்டை விழலாம், ரத்தம் கசியலாம், சிறுநீர்ப்பைக்கும் பெண்ணுறுப்புக்கும் இடையே வழி திறந்துகொள்ளலாம். கட்டி பழைய எல்லைக்குள் இருந்தால், எடுக்க முடிந்தால் அறுவை, அல்லது நெறிக்கட்டியை மட்டும் குறிவைத்து 3 முதல் 5 தடவையில் முடிக்கும் எஸ்.பி.ஆர்.டி., இல்லையென்றால் மருந்து என்று யோசிப்பார்கள். முதல் தடவை அறுவை மட்டும் செய்து கதிரே வாங்காதவர்களுக்கு வழி இன்னும் சுலபம்.

இன்னொன்று, ஸ்கேனில் ஒளிர்வதை மட்டும் நம்பி ஆரம்பிக்க விடாதீர்கள். காசநோய் நெறிக்கட்டியும் அப்படியே ஒளிரும். அம்மாவுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்து உறுதி செய்த பிறகுதான் தொடங்கினார்கள்.

தமனியோரம் முழுக்க 25 நாளில் 45 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு). அதே அமர்வுகளில் கட்டிகளுக்கு மட்டும் கூடுதலாகச் சேர்த்து 55 கிரே. முன்னால் சிறுகுடலின் தொடக்கம், இருபுறமும் சிறுநீரகம், பின்னால் தண்டுவடம் என்று நெருக்கமான இடம். அதனால் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையை வற்புறுத்திக் கேளுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 'பார்சர்' ஆய்வு (2021), அறுவைக்குப் பின் இடுப்பில் கதிர் பெற்ற பெண்களைப் பற்றியது. மூன்று வருடத்தில் குடல் பாதிப்பு பழைய முறையில் சுமார் 42 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 21. அம்மாவின் நிலை வேறுதான், ஆனாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு எனக்குத் தயக்கம் போய்விட்டது.

வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்த பிறகே. முதல் தடவை வயிற்றுப்போக்கு படுத்தியது. இந்தத் தடவை கதிர் மேல்வயிற்றில் பட்டதால் குமட்டல். அமர்வுக்கு முன்பே மாத்திரை போட ஆரம்பித்ததும் கொஞ்சம் சாப்பிட முடிந்தது. நாலாவது வாரம் ரத்த அணுக்கள் குறைந்து ஒரு ஊசியைத் தவிர்த்தார்கள், கதிரை நிறுத்தவில்லை.

முடிந்து மூன்று மாதம் வரை பெட் ஸ்கேன் எடுக்கவில்லை. அதற்குள் எடுத்தால் கதிர் பட்ட அழற்சியும் ஒளிர்ந்து குழப்பும் என்றார் மருத்துவர். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. எடுத்தபோது இரண்டு கட்டிகள் மறைந்திருந்தன, மூன்றாவது சுருங்கி மங்கியிருந்தது. அடுத்த ஸ்கேனில் அதுவும் இல்லை.