இந்தியாவில் ஃபேஸ்புக்குக்கு முன்பே கொடிகட்டிப் பறந்த ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் ஏன் காணாமல் போனது? நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

பயன்படுத்தியிருக்கிறேனாவா! எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் மெயில் ஐடி தொடங்கியதே ஆர்குட்டுக்காகத்தான். 2006, பாளையங்கோட்டை. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்பு, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கீபோர்டு. நேரம் முடிந்தால் அண்ணாச்சி எழுந்து வர மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஏல, ஏழாம் நம்பரு, டைம் முடிஞ்சிட்டு" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு முன்னால் நான்கு பேருக்காவது ஸ்க்ராப், அதாவது அவர்கள் பக்கத்தில் ஒரு குட்டிச் செய்தி, போட்டுவிட வேண்டும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஆர்குட் என்பது ஓர் ஆளின் பெயர். துருக்கியில் பிறந்த ஆர்குட் புயுக்கோக்டன் கூகுளில் இன்ஜினியர். வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைக்குச் செலவழிக்கலாம் என்று அப்போது கூகுளில் ஒரு வழக்கம் இருந்தது. அப்படி அவர் செய்ததுதான் 2004 ஜனவரியில் வெளியானது. அதற்கு முந்தைய வருடம் ஃப்ரெண்ட்ஸ்டர் என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தை வாங்க கூகுள் பேசிப் பார்த்திருக்கிறது, படியவில்லை. ஆர்குட் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 4 அன்று ஹார்வர்ட் ஹாஸ்டல் அறையிலிருந்து ஃபேஸ்புக் கிளம்பியது. இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஃபேஸ்புக்கில் சேர ஆரம்பத்தில் குறிப்பிட்ட கல்லூரிகளின் மெயில் ஐடி வேண்டும். 13 வயது தாண்டிய யாரும் வரலாம் என்று அவர்கள் கதவைத் திறந்தது 2006 செப்டம்பரில். அதற்குள் பிரேசிலும் இந்தியாவும் ஆர்குட்டில் பாய் விரித்துப் படுத்துவிட்டன. அமெரிக்கர்களுக்காகச் செய்த தளத்தில் எங்கு பார்த்தாலும் போர்த்துகீசியம். கடைசியில் 2008-இல் ஆர்குட்டின் நிர்வாகத்தையே கூகுள் தன் பிரேசில் கிளைக்கு மாற்றிவிட்டது.

இனி என் கருத்து. ஆர்குட்டை சர்வர் கோளாறு கொன்றது, போலிக் கணக்கு கொன்றது என்று பலரும் எழுதுகிறார்கள். அவையெல்லாம் இருந்தன. "பேட், பேட் சர்வர், நோ டோனட் ஃபார் யூ" என்று கோளாறின்போது வரும் பக்கத்தைப் பார்க்காத ஆர்குட்வாசி கிடையாது. டோனட் ஒரு தின்பண்டம் என்று எங்கள் ஹாஸ்டலில் அப்போது யாருக்கும் தெரியாது. ஏதோ கம்ப்யூட்டர் பாகம் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனாலும் சனி ஞாயிறு ஆனால் சென்டரில் இடம் கிடைக்காது. கோளாறுக்காக யாரும் ஓடவில்லை. ஆர்குட்டில் ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நாமே கிளம்பி அவர் பக்கத்துக்குப் போக வேண்டும். அது எவ்வளவு பெரிய வேலை என்பது, போகாமலே தெரியும் என்றான பிறகுதான் உறைத்தது.

ஸ்க்ராப் எப்படி வேலை செய்தது என்று சொன்னால் இது புரியும். நான் என் நண்பனுக்கு எழுதினால் அது அவன் ஸ்க்ராப்புக்கில் விழும். அவன் பதில் எழுதினால் என் ஸ்க்ராப்புக்கில் விழும். ஒரே பேச்சு, பாதி அவன் வீட்டில், பாதி என் வீட்டில். இரண்டுமே ஊருக்குத் திறந்த திண்ணை. அடுத்தவன் பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் இரண்டு விண்டோ திறந்து, மேலும் கீழும் உருட்டி, தேதி பார்த்துக் கோத்துப் படிக்க வேண்டும். படித்தோம். செமஸ்டர் பாடத்தை அந்தக் கவனத்தோடு படித்திருந்தால் நான் யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியிருப்பேன்.

இதில் ஒரு கண்ணிவெடி உண்டு. அண்மையில் உங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் யார் யார் என்று ஆர்குட் பெயரோடு காட்டும். வகுப்புத் தோழி ஒருத்தியின் பக்கத்தைச் சும்மா பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் லேபில் எல்லோர் முன்னாலும், "நேத்து என் புரொஃபைலுக்கு வந்தியாக்கும்? ஒரு ஸ்க்ராப்கூடப் போடாம போயிட்ட?" என்றாள். விருந்தாளி வாசல் வரை வந்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிய குற்றம்! அந்த வசதியை அணைத்து வைக்கலாம். ஆனால் அணைத்தால் நம் வீட்டுக்கு யார் வந்தார் என்பதும் நமக்குத் தெரியாது. அதனால் யாரும் அணைக்கவில்லை.

ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் கொண்டுவந்தது. யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் நம் முதல் பக்கத்திலேயே வந்து விழ ஆரம்பித்தது. பயனர்கள் கொதித்தார்கள், இது வேவு பார்ப்பது என்று எதிர்ப்புக் குழுவில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த எதிர்ப்பு அவ்வளவு வேகமாகப் பரவியதே நியூஸ் ஃபீட் வழியாகத்தான். சக்கர்பெர்க் சில தனியுரிமை அமைப்புகளைச் சேர்த்துக் கொடுத்தார், ஃபீடை மட்டும் எடுக்கவில்லை. அவர் செய்ததிலேயே பெரிய பிடிவாதம் இதுதான் என்பேன். 2009-இல் லைக் பட்டன் வந்தது. எழுத வேண்டாம், ஓர் அழுத்து போதும். ஆர்குட்டில் வந்ததற்கு அடையாளமாக ஒரு "ஹாய், ஹவ் ஆர் யூ"வாவது தட்ட வேண்டியிருந்தது. அதே வருடம் ஃபேஸ்புக்குக்குள் ஆடும் ஃபார்ம்வில் என்ற விவசாய விளையாட்டு வந்தது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த எங்கள் ஆட்களில் மூன்று பேர் ஃபேஸ்புக்குக்குப் போனது தக்காளி பயிரிடத்தான், சத்தியமாக. 2010 நடுவில் இந்தியாவில் ஃபேஸ்புக் ஆர்குட்டை முந்திவிட்டது. பிரேசிலில் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

இன்னொரு காரணத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: போன். ஆர்குட் பிரவுசிங் சென்டர் காலத்துப் பிள்ளை. 2011-இல் ஃபேஸ்புக், ஸ்னாப்டூ என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, சாதாரண பட்டன் போனிலும் ஓடும் ஜாவா செயலி ஒன்றை விட்டது. நோக்கியா பட்டனில் கட்டை விரல் நோக நோக லைக் போட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அண்ணாச்சியின் சென்டரும் அந்தச் சமயத்தில்தான் ரீசார்ஜ் கடையானது.

கூகுள் என்ன செய்தது? 2009 கடைசியில் புது ஆர்குட் என்று ஒன்றை, அழைப்பு இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று விட்டது. நண்பர்கள் பாதி பழையதில், பாதி புதியதில். ஆள் கூட வேண்டிய இடத்துக்கு ஏன் டோக்கன் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 2011-இல் கூகுளின் இன்னொரு சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் வந்ததும் ஆர்குட் வீட்டிலேயே மாற்றாந்தாய்ப் பிள்ளை ஆகிவிட்டது. 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். கூகுள் பிளஸ்ஸும் 2019-இல் போய்ச் சேர்ந்தது. புயுக்கோக்டன் 2016-இல் ஹலோ என்று இன்னொரு தளம் தொடங்கினார். பாசத்தில் போய்ச் சேர்ந்தேன், அங்கே எனக்குத் தெரிந்த ஒரு முகம்கூட இல்லை. இரண்டு நாளில் திரும்பிவிட்டேன்.

மூடும்போது, வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று 2016 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் சோம்பேறி, செய்யவில்லை. புகைப்படங்கள் போனதில் வருத்தமில்லை, வெப்கேமில் எடுத்த 12 படங்கள், எல்லாவற்றிலும் பின்னால் பிளைவுட். டெஸ்டிமோனியல்கள் போனதுதான் வருத்தம். நம்மைப் பற்றி நண்பர்கள் எழுதும் நற்சான்று அது. நாம் அக்செப்ட் பண்ணினால்தான் பக்கத்தில் தெரியும். ஸ்க்ராப்பை ஊரே படிக்கும் என்பதால், ரகசியம் சொல்ல எல்லோரும் டெஸ்டிமோனியலைத்தான் பயன்படுத்தினோம். மேலே "அக்செப்ட் பண்ணாதே" என்று எழுதிவிட்டு விஷயத்தைச் சொல்வது. படித்துவிட்டு நிராகரித்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

என் அறைத்தோழன் ஒருமுறை, "அக்செப்ட் பண்ணாதே. ரெண்டு பேப்பர் அரியர், வீட்ல சொல்லல, எங்க அத்தான் கேட்டா கிளியர்னு சொல்லிரு" என்று அனுப்பினான். அண்ணாச்சி ஏழாம் நம்பரைக் கூப்பிட்ட அவசரத்தில் நான் அக்செப்டை அழுத்திவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்து நான் ஆர்குட் திறந்தது மூன்று நாள் கழித்து. அதற்குள் ஐடி கம்பெனியில் வேலை பார்த்த அவன் அத்தான் என் பக்கத்துக்கு வந்து போயிருந்தார். வந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

அவன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், ரெண்டு பிள்ளைகள். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சம்பளம், லீவு என்று ஏதாவது சொன்னால் இன்றைக்கும் கடைசி வரியில் என் பெயரைப் போட்டு எழுதுவான்: "ஏல, அக்செப்ட் பண்ணிராத."