சென்சார் சந்தேகங்கள்: கேள்வி பதில்

கே: வணக்கம் ஐயா. என் ரோபோ வண்டியில் எச்.சி.எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. சுவரைக் கண்டால் நிற்கிறது, திரைச்சீலையில் நேராகப் போய் முட்டுகிறது. சென்சார் பழுதா?

ப: பழுதில்லை. அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. மைக்ரோ விநாடிகளை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும். துணி ஒலியைக் குடித்துவிடும். சாய்ந்த பலகை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி வராதபோது பல மாட்யூல்கள் சுமார் 38 மில்லி விநாடி துடிப்பைத் தருகின்றன. வகுத்துப் பாருங்கள், ஆறரை மீட்டர் வரும்! வழி காலியாக இருக்கிறதென்று வண்டி நம்பிப் போகிறது. 4 மீட்டருக்கு மேல் வரும் எதையும் ‘தெரியவில்லை’ என்றே கொண்டு வேகத்தைக் குறையுங்கள். முன்னால் ஒரு மைக்ரோ சுவிட்ச் பம்பரும் (முட்டினால் அழுந்தும் சிறு சுவிட்ச்) வையுங்கள். மலிவான பொருள்தான், ஆனால் ஏமாற்றாது.

கே: இந்த அல்ட்ராசோனிக் சென்சாரையே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் நேரடியாக இணைக்கலாமா?

ப: எதிரொலி நேரத்தைத் தெரிவிக்கும் எக்கோ முனையை நேரடியாக இணைக்கக் கூடாது. அதில் 5 வோல்ட் வரும், பை 3.3 வோல்ட்தான் தாங்கும். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பைக்குக் கொண்டுவந்து, அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போடுங்கள்.

கே: பூந்தொட்டியில் செருகிய மண் ஈர சென்சாரின் கால்கள் அரித்துவிட்டன. ஏன்?

ப: ஈர மண்ணில் இடைவிடாமல் நேர்மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பு உலோகத்தைத் தின்றுவிடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுங்கள். கெபாசிட்டிவ் வகைக்கு மாறுவது இன்னும் நல்லது; அதில் உலோகம் மண்ணைத் தொடாது. உங்கள் மண்ணையே காயவைத்து ஒரு முறை, நனைத்து ஒரு முறை அளந்து எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதமும் அளக்கும் டி.எச்.டி.11, டி.எச்.டி.22 சென்சார்களில் எது வாங்கலாம்?

ப: 22. வெப்பநிலையில் பிழை அரை டிகிரி அளவுதான். 11இல் இரண்டு டிகிரி. ஆனால் 22இடம் இரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் அளவைக் கேட்க வேண்டும்.

கே: ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சாரை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். வாசலில் ஆள் வந்தாலும் அசையவில்லை.

ப: உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. வெளியே, மழை படாத இடத்தில் மாட்டுங்கள்.

கே: கோட்டைத் தொடரும் ரோபோ இரவில் நன்றாக ஓடுகிறது, பகல் வெயிலில் தடுமாறுகிறது.

ப: அந்த சென்சார் அகச்சிவப்பு ஒளியால் கோட்டைப் பார்க்கிறது; வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. சென்சாரைச் சுற்றி மறைப்பு வையுங்கள். சென்சாரின் எல்.இ.டி.யை அணைத்து ஒரு முறை, எரியவிட்டு ஒரு முறை அளந்து வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். கோடு போட மார்க்கர் வேண்டாம். சில கறுப்பு மைகள் அகச்சிவப்பில் வெள்ளைக் காகிதம் போலவே தெரியும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.