அண்ணப்பிளவோடு பிறந்தவருக்கு மேடையில் பேசும் தைரியம் எப்படி வரும்?

அடுத்த மாதம் அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, பிளந்திருப்பதுதான் அண்ணப்பிளவு. அதற்கான தையல் எல்லாம் சின்ன வயதிலேயே முடிந்திருக்கும், பேச்சு மட்டும் மூக்கு வழியாக வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அதேதான். பொதுவாக ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தைத் தைத்துவிடுவார்கள். எனக்கு 7 வயதில்தான் செய்தார்கள். அதற்குள் நாக்கு தன் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

ப, த, க சொல்ல வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். உள்நாக்குப் பக்கம் சதை மேலே எழும்பி மூக்கு வழியை மூடாவிட்டால் காற்று அந்தப் பக்கம் போய்விடும். பாப்பா என்றால் மாம்மா என்று கேட்கும். ஒன்பதாம் வகுப்பில் நன்னூல் நடத்தும்போது, வல்லினம் பிறக்கும் இடம் மார்பு, மெல்லினத்துக்கு மூக்கு என்று ஐயா சொன்னார். வகுப்பே என் பக்கம் திரும்பியது. பள்ளி முடியும்வரை அப்புறம் நான் எழுந்து நின்று வாசிக்கவே இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு 23 வயதில் போனேன். சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு 'பப்பப்பா' சொல்ல வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். 8 மாதத்தில் ப ஓரளவு வந்தது. க இன்னும் பிடிபடவில்லை. பயிற்சியில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படும், அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதன்முதலில் மைக் பிடித்தது ஒரு மே 1 கிராம சபையில். தெருவுக்குப் பதினோரு நாளாகத் தண்ணீர் இல்லை. மகளிர் குழுவில் கணக்கு எழுதுவது நான் என்பதால் என்னையே பேசச் சொன்னார்கள். எடுத்த எடுப்பில் 'பதினோரு நாள்' என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. திரும்பத் திரும்ப "எத்தன நாளு?" என்று கேட்டார்கள். மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காரப் போனவளை, எங்கள் குழுத் தலைவி பெரியம்மா முந்தானையைப் பிடித்து நிறுத்தி, "நில்லு கண்ணு, மெதுவாச் சொல்லு" என்றார். எந்தத் தெரு, தொட்டி எங்கே இருக்கிறது, யார் வீட்டு முன்னால் குழாய் என்று எல்லோருக்கும் தெரிந்ததையே சொல்லிக்கொண்டு போனேன். பின்வரிசையில் சலசலப்பு அடங்கியது. மறுபடி 'பதினோரு நாள்' என்றேன். செயலர் எழுதிக்கொண்டார்.

அன்று பழகியது அவர்கள் காது. அதனால் முதல் இரண்டு நிமிடத்தில் முக்கியமான எண்ணையோ பெயரையோ சொல்லாதீர்கள். 'எனக்குப் பிறவியிலேயே அண்ணப்பிளவு, புரியாவிட்டால் கேளுங்கள்' என்று தொடங்குங்கள். அனுதாபம் தேடுகிறாள் என்று சிலர் எழுத வருவார்கள். காலில் கட்டுப் போட்டவர் 'மெதுவாகத்தான் நடப்பேன்' என்றால் அது அனுதாபமா?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1995 அக்டோபர் 24 சூரிய கிரகணத்தன்று அம்மா அரிவாள்மனையில் காய் நறுக்கியதால்தான் எனக்கு இப்படி என்று வீட்டில் இன்றும் பேச்சு. அப்போது அம்மாவுக்கு ஏழாம் மாதம். உதடும் அண்ணமும் கருவில் ஒட்டிச் சேர்வது முதல் மூன்று மாதத்துக்குள். இதை எத்தனை முறை சொன்னாலும் அத்தை கேட்பதில்லை. அம்மா இன்றும் கிரகணத்தன்று சமையலறைப் பக்கம் போகமாட்டார்.

சரி, மைக். வாய்க்கு நேரே பிடித்தால் மூக்கில் வரும் காற்றும் சேர்ந்து இரையும். தாடைக்குக் கீழே, கொஞ்சம் ஓரமாகப் பிடியுங்கள். கூட்டத்துக்கு முன்பே ஒருமுறை போய்ப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.