ஊட்டியிலிருந்து மைசூர் போகும் வழியில் முதுமலை

கேள்வி: ஊட்டியில் தங்கிவிட்டுச் சொந்தக் காரில் மைசூர் போகிறோம். இரண்டு குழந்தைகளும் மூட்டுவலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார்கள். வழியில் முதுமலையில் நின்று விலங்குகளைப் பார்க்க முடியுமா? (கரூர் வாசகர்)

தாராளமாக. ஆனால் செல்போன் காட்டும் வழியை நம்பிக் கிளம்பாதீர்கள். கல்லட்டி, மசினகுடி வழியாக, முதுமலையில் நீங்கள் நிற்க வேண்டிய தெப்பக்காடு 36 கிலோமீட்டர்தான் என்று அது ஆசை காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்துப் பாதையில் வெளியூர் வண்டிகள் ஏறலாம்; இறங்க விடுவதில்லை. பழக்கமில்லாதவர்கள் நியூட்ரலில் விட்டோ, பிரேக்கையே மிதித்துக்கொண்டோ இறங்குவார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அங்கே நடந்த விபத்துகள் கொஞ்சமல்ல.

நீங்கள் பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகவே போங்கள். தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டரை மணி நேரம் ஆகும். நடுவட்டத்துக்குக் கீழே இங்கும் நல்ல இறக்கம் உண்டு, இரண்டாவது கியரைவிட்டு மாறாதீர்கள்.

காலை பத்து மணிக்குக் கிளம்பி, கூடலூரில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குள் தெப்பக்காடு சேருங்கள். காட்டுக்குள் சொந்த வண்டிக்கு அனுமதியில்லை. வனத்துறை வேனில்தான் சுற்றிப்பார்க்க வேண்டும். புலி தெரியும் என்று குழந்தைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். புள்ளிமானும் காட்டெருமையும் கண்ணில் பட்டாலே நல்ல நாள். வேன் குலுக்கல் அம்மாவுக்கு ஒத்துவராது என்றால் அதை விட்டுவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை. என்னைக் கேட்டால் மாலை ஐந்தரையை ஒட்டித் தெப்பக்காடு யானை முகாமில் உணவூட்டுவதைப் பார்ப்பதே மேல். ராகி, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்துப் பிடித்த கவளத்தை மாவுத்தரும் (பாகன்) காவடியும் (பாகனின் உதவியாளர்) யானையின் வாய்க்குள்ளேயே வைப்பார்கள். அதிகம் நடக்காமலே அம்மாவும் பார்த்துவிடலாம்.

ஆறரைக்குள் புறப்பட்டுவிடுங்கள். மாநில எல்லையான கக்கநல்லாவைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு; இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும். அந்தி நேரத்தில் யானை சாலைக்கு வரும். வந்தால் தள்ளியே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், இறங்காமல் காத்திருங்கள். மற்றபடி படம் எடுக்கவென்று காட்டுச் சாலையில் நிறுத்தினால் அபராதம்.

தெப்பக்காடு குரங்குகள் இருக்கும் இடம். முறுக்குப் பையைக் காரில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் திறந்து போட்டால் திரும்பும்போது பை இருக்காது.