சட்டைக் கையில் இரண்டரைப் பட்டை

கேள்வி: பழைய பொருள்கள் ஏலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரின் புகைப்படம் வாங்கினேன். பின்புறம் அவர் பெயரும், 'லெப்டினன்ட், விக்டரி, 1912' என்ற குறிப்பும் இருக்கின்றன. சட்டைக் கையில் இரண்டு தங்கப் பட்டைகள், நடுவே மெல்லியதாக இன்னொன்று. அது லெப்டினன்ட் கமாண்டருக்கு உரியது, குறிப்பு தவறு என்கிறார் நண்பர். எதை நம்புவது? இவருடைய பணி வரலாற்றை எங்கே தேடுவது?

பதில்: குறிப்பில் தவறில்லை. லெப்டினன்ட் கமாண்டர் என்ற பதவிப்பெயரே 1914 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன்பு, எட்டு ஆண்டு பணிமூப்புள்ள லெப்டினன்ட் அந்த மெல்லிய பட்டையை அணிவார். பெயர் மட்டும் லெப்டினன்ட்தான். ஆகவே உங்கள் ஆள் 1904க்குள் லெப்டினன்ட் ஆகிவிட்டவர். கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கான ஆஸ்போர்ன் கல்லூரி தொடங்கியது 1903இல். இவர் பெரும்பாலும் அதற்கு முந்தைய தலைமுறை, டார்ட்மத் நகரில் டார்ட் ஆற்றில் நங்கூரமிட்டிருந்த 'பிரிட்டானியா' பயிற்சிக் கப்பலில் படித்தவராக இருப்பார்.

இப்போது ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மேல்பட்டையைப் பாருங்கள். அதில் வட்டச் சுருள் இருக்கிறதா? 1912இல் அது கப்பலை நடத்தும் பிரிவினருக்கு மட்டுமே உண்டு. பொறியாளர்களுக்குச் சுருள் கிடையாது; பட்டைகளுக்கு இடையே ஊதாத் துணி இருக்கும். மருத்துவர்களுக்குச் சிவப்பு, கணக்கு அதிகாரிகளுக்கு வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஊதாவும் சிவப்பும் கருநீலச் சட்டையோடு கலந்துவிடும் என்பதால், நிறத்தை நம்பாமல் சுருளை நம்புங்கள். பட்டைகள் அலையலையாக இருந்தால் அவர் தன்னார்வப் படையினர். பின்னிக் கிடந்தால் வணிகக் கப்பல்களிலிருந்து வந்த ரிசர்வ் படையினர்.

அடுத்து, பலரும் ஏமாறும் இடம்: 'விக்டரி'. அட்மிரல் நெல்சனின் புகழ்பெற்ற 'விக்டரி' கப்பலில் கடலோடினார் என்று எண்ணிவிடாதீர்கள். போர்ட்ஸ்மத் கரையில் பணியாற்றியவர்களையும் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தவர்களையும் அந்தப் பெயரில்தான் பதிவு செய்தார்கள். 'எக்சலண்ட்' என்றால் பீரங்கிப் பள்ளி, 'வெர்னன்' என்றால் டார்பிடோ பள்ளி. பதிவேட்டில் இந்தப் பெயர்கள் வந்தால் அவர் எதில் தேர்ச்சி பெற்றார் என்று ஊகிக்கலாம்.

தேடலை 'நேவி லிஸ்ட்' என்ற அதிகாரிகள் பட்டியலில் தொடங்குங்கள். முதல் உலகப் போர்க்காலப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயருக்கு எதிரே உள்ள பணிமூப்புத் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்துக் காட்டுவது அதுதான். பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், அதிகாரிகளின் பணிப் பதிவேடுகள் உள்ள ஏ.டி.எம். 196 (ADM 196) வரிசையைப் பாருங்கள். கப்பல்கள், தேதிகள், சில ஏடுகளில் மேலதிகாரிகளின் மதிப்பீடுகள்கூடக் கிடைக்கும். கையெழுத்தும் சுருக்கக் குறிகளும் கண்ணைப் பிடுங்கும், பொறுமை வேண்டும்.

கடைசிப் பதவியைப் பார்க்கும்போது 'ஓய்வு' என்ற சொல் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கடலில் கமாண்டராகப் பணியாற்றாமலே, ஓய்வுப் பட்டியலில் அந்தப் பதவியைப் பெற்றவர்கள் நிறையப் பேர்.