ஒரே ஒரு புள்ளடி: திருகோணமலையிலிருந்து தேர்தல் கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். தேர்தல் வரும்போதெல்லாம் வாக்களிப்பு நிலையக் கடமைக்கும் போனேன். பிரதேச சபை, மாநகரசபை, மாகாண சபை பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

பாலையூற்றிலிருந்து ஒரு தம்பி: மாஸ்டர், 2025 மே 6ஆம் திகதிதான் முதன்முதலாக வாக்களித்தேன். வாக்குச்சீட்டில் எங்கள் வட்டார வேட்பாளரின் பெயரே இல்லை. கட்சிப் பெயரும் சின்னமும் மட்டும் இருந்தன. இது சரிதானா?

சரிதான் தம்பி. உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு, அதாவது வேட்பாளரைத் தனியாகத் தெரிந்து போடும் வாக்கு, கிடையாது. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி (X அடையாளம்), அவ்வளவுதான். அந்தப் புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. உங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்சி நிறுத்திய ஆளுக்கு அது வாக்கு. சபை முழுவதற்குமான கட்சிக் கணக்கிலும் அதே வாக்கு சேர்கிறது. ஆகவே சின்னத்தை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் அந்தச் சின்னத்துக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று வீட்டிலிருந்து புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கமிட்டுப் பழகியவர்கள் இங்கேயும் இரண்டு சின்னங்களில் அடையாளம் இடுகிறார்கள். அந்த வாக்கு செல்லாது. வாக்கு எண்ணும்போது ஒரு சீட்டைக் கையில் எடுத்தேன். புள்ளடி அச்சுப்போல அழகாக இருந்தது. அதன் கீழே, வாக்களித்தவர் தன் கையொப்பத்தையும் போட்டிருந்தார். தான் போட்ட வாக்குக்குத் தானே பொறுப்பு என்று நினைத்திருப்பார் போலும். வாக்களித்தவரை அடையாளம் காட்டும் எதுவும் சீட்டில் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதை நிராகரித்த சீட்டுகளோடு வைத்தேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை: சேர், எங்கள் வட்டாரத்தில் தோற்றவர் ஒருவர் சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறார். வென்றவரும் இருக்கிறார். மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

2018இலிருந்து நம் சபைகளில் நடைமுறையில் இருப்பது கலப்பு முறை. 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேரடியாக வெல்கிறார்கள். மீதி 40 சதவீதம் கட்சிகள் பெற்ற வாக்கு விகிதப்படி அவற்றின் பட்டியலிலிருந்து வருகிறது. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டுங்கள். இலக்கங்கள் என் கற்பனை.

சபையில் 20 பேர். 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்குகள் 20,000. அதை 20ஆல் வகுத்தால் 1,000. ஓர் ஆசனத்தின் விலை அதுதான். முதற்கட்சி 8,000 வாக்குப் பெற்றால் அதற்கு 8 ஆசனம் சேர வேண்டும். 7 வட்டாரங்களை வென்றுவிட்டதால் பட்டியலில் 1 மட்டும் கிடைக்கும். இரண்டாவது கட்சிக்கு 5,600 வாக்கு, 5 வட்டாரம். மூன்றாவது கட்சிக்கு 4,400 வாக்கு, ஒரு வட்டாரமும் இல்லை. சுயேச்சைக் குழுவுக்கு 2,000 வாக்கு, அதற்கும் வட்டாரம் இல்லை. மூன்றாவது கட்சிக்கு 4, சுயேச்சைக்கு 2, இரண்டும் முழுக்கப் பட்டியலிலிருந்து. மிஞ்சும் ஓர் ஆசனம், பெரிய மீதியாகிய 600ஐ வைத்திருக்கும் இரண்டாவது கட்சிக்குப் போகும். கூட்டிப் பாருங்கள், பட்டியல் 8 சரியாக வரும்.

பட்டியல் ஆசனத்துக்கு ஆளைச் சொல்வது கட்சியின் செயலாளர். வட்டாரத்தில் தோற்றவரையும் அவர் சொல்லலாம். நீங்கள் கண்டது அதுதான்.

வாக்குக் கணக்கில் கிடைக்க வேண்டியதைவிட ஒரு கட்சி அதிக வட்டாரங்களை வென்றுவிட்டால் அதை யாரும் பறிப்பதில்லை. சபையின் ஆசன எண்ணிக்கை கூடுகிறது. முன்பு நாடு முழுவதும் 4,486 ஆக இருந்த உறுப்பினர் தொகை இந்த முறைக்குப் பின் 8,000ஐத் தாண்டியது. இவ்வளவு பேர் தேவையா என்று கேட்பவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் பழைய முறையில் வட்டாரத்துக்கென்று பொறுப்பான ஓர் ஆளே இருக்கவில்லை. அந்தக் குறை பெரியது.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: சபையின் தலைவரான தவிசாளரை நாங்களே நேரடியாகத் தெரிவு செய்ய முடியாதா?

முடியாது. ஒரு கட்சிக்கு ஆசனங்களில் பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் கட்சி பெயர் கொடுக்கும். இல்லாவிட்டால் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். திறந்த வாக்கா, இரகசிய வாக்கா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு. தேர்தலுக்கு மறுநாள் தொடங்கும் பேரம் இதனால்தான் வருகிறது. நம் மாவட்டத்தின் 13 சபைகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கிறோம். தனிப்பெரும்பான்மை அமைவது அரிது. யாரோடு சேர்வார்கள் என்பதைத் தேர்தலுக்கு முன்பே மேடையில் கேளுங்கள். பின்னால் கேட்டுப் பயனில்லை.

உட்துறைமுக வீதியிலிருந்து ஒரு தாய்: சந்தைப் பக்கம் மான்கள் பொலித்தீன் பையோடு சோற்றைத் தின்கின்றன. யாரிடம் சொல்வது?

அம்மா, நானும் பார்த்திருக்கிறேன். கொம்புள்ள பெரிய மான் ஒன்று, வாயில் நீலப் பையின் நுனி தொங்க, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றது. கோணேசர் மலையடிவாரத்தில் மேயும் மான்கள்தாம் இப்படி ஊருக்குள் இறங்குகின்றன. மான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. குப்பை மாநகரசபையின் பொறுப்பு. இரண்டு இடத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ஆனால் முதற்குற்றம் குப்பையில் இருக்கிறது. ஆகவே வட்டார உறுப்பினரை முதலில் பிடியுங்கள். வடிகால், தெருவிளக்கு, நூலகம், சந்தை, மயானம், விளையாட்டு மைதானம் எல்லாம் நாம் சோலைவரி கட்டும் அதே சபையின் வேலைகள்.

வீதி விடயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தைச் சேர்ந்தவை. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் மட்டுமே சபைக்கு உரியவை. மட்டக்களப்பு வீதியைக் காப்பெற் வீதியாக்கித் தருவேன் என்று பிரதேச சபை வேட்பாளர் சொன்னால், அது அவர் கையில் இல்லாத வேலை.

இந்தப் பிரிவினை கடதாசிச் சமாசாரம் அல்ல. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்தார்கள். பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், மாற்று வழி அந்தப் பாதைதான். பாலம் யாருடையது, படகுக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்விகள் பிள்ளைகளைப் புதைத்த பிறகுதான் எழுந்தன. முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை? சட்டச் சிக்கல் என்கிறார்கள், விளங்கவில்லை.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா. கிழக்கு மாகாண சபையின் தலைமையிடம் நம் ஊரில்தான் இருக்கிறது. 37 உறுப்பினர்களில் 10 பேர் நம் மாவட்டத்துக்கு உரியவர்கள். கடைசியாக 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி வாக்களித்தோம். 2017 செப்டெம்பர் 30 உடன் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அன்று பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று வாக்காளர். தன் வாழ்நாளில் மாகாண சபைக்கு ஒரு புள்ளடி இட்டதில்லை.

சிக்கல் இதுதான். 2017இல் நாடாளுமன்றம் மாகாணத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று மாற்றியது. தொகுதிக்கு எல்லை வேண்டுமே. எல்லை நிர்ணய அறிக்கை வந்தது. 2018 ஆகஸ்டில் அதே நாடாளுமன்றம் அந்த அறிக்கையை நிராகரித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றினால் கதவு திறக்கும். இது சட்டம் அறியாதவர்களின் தடுமாற்றம் என்று நான் நம்பவில்லை. மனமில்லாமைதான்.

1987இல் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தபோது, அதிகாரம் நம் ஊருக்கு வருகிறது என்று சொன்னார்கள். இன்று மாகாணப் பாடசாலைகளையும் விவசாயத்தையும் உள்ளூராட்சியையும் ஜனாதிபதி நியமித்த ஆளுநர் நடத்துகிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவரை நாம் தெரிவு செய்யவில்லை, அகற்றவும் முடியாது. உள்ளூராட்சிக்கும் இப்படி நேர்ந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதிக்கு வைத்த தேர்தலைப் பணமில்லை என்று தள்ளிப்போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம், அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. அதன் பின்தான் 2025இல் வாக்களித்தோம்.

திருக்கடலூரிலிருந்து ஒரு மீனவர்: அடையாள அட்டை கடலில் போய்விட்டது. வாக்காளர் அட்டை மட்டும் இருக்கிறது, விடுவார்களா?

விடமாட்டார்கள் தம்பி. வாக்காளர் அட்டை அடையாள ஆவணமாகாது. செல்லுபடியான கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் போதும். எதுவும் இல்லாவிட்டால் கிராம அலுவலரிடம் போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

டோகாவிலிருந்து ஒரு தம்பி: இங்கிருந்து வாக்களிக்கலாமா?

இல்லை. தபால் வாக்கு உள்நாட்டில் தேர்தல் கடமையிலும் அத்தியாவசியச் சேவையிலும் இருக்கும் ஊழியர்களுக்குத்தான்.

வெருகலிலிருந்து ஒரு தங்கை: மாதர் சங்கத்தில் இருக்கிறேன். பெண்களுக்கு 25 சதவீதம் என்று ஒரு கட்சி கூப்பிடுகிறது. பெயரை மட்டும் நிரப்பவோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. 2018க்கு முன் நம் நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை. அதை மாற்றத்தான் ஒதுக்கீடு வந்தது. ஆனால் வட்டார வேட்பாளர்களில் 10 சதவீதமும் மேலதிகப் பட்டியலில் 50 சதவீதமும் பெண்களாக இருந்தால் போதும் என்பதால், பல கட்சிகள் பெண்களைப் பட்டியலில் அடுக்கிவிட்டு வட்டாரங்களை ஆண்களுக்கு வைத்துக்கொள்கின்றன. ஆகவே ஒன்று கேளுங்கள்: "எனக்கு வட்டாரம் தருகிறீர்களா?" மாதர் சங்கத்தில் வீடு வீடாகப் போய்ப் பழகிய உங்களுக்கு வாக்குக் கேட்பது புதிதல்ல. வட்டாரத்தில் வென்றவரைப் பட்டியல் ஆள் என்று எவரும் ஒதுக்க முடியாது.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு மாணவி: எங்கள் ஒழுங்கைக்கு வடிகால் கட்டியதாகச் சபை சொல்கிறது. வடிகாலைக் காணவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டத்தை எடுங்கள். சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த ஒழுங்கை, எந்த ஆண்டு, எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, ஒப்பந்தக்காரர் யார் என்று இலக்கமிட்டுக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்க அவர்களுக்கு உரிமையில்லை. கடிதத்தைக் கொடுத்ததும் திகதியிட்ட பற்றுச்சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.